இருபத்திரண்டு எம்.எம்.

மைக்ரான் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஓட்டுச்சாவடியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள். பட்டறையில் அவளுக்கு அளக்கிற வேலை. கடைந்து, துளைத்து, தேய்த்து முடித்த எந்தச் சாமானும் அவள் மேசையைத் தாண்டாமல் வெளியே போகாது. மில்லிமீட்டரை ஆயிரமாக வெட்டினால் வரும் மைக்ரான் கணக்கில் அளந்து, தலைமயிரில் பாதி பிசகினாலும் ‘ஆகாது’ என்பாள். சொன்னதோடு விடமாட்டாள், சிவப்பு சாக்பீஸை எடுத்து அதன்மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடுவாள். அந்தக் குறி விழுந்த சாமானை அப்புறம் யாரும் தொடுவதில்லை. தொட்ட ஒருவர் வாங்கிக் கட்டிக்கொண்டதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

இந்தக் குணம் பட்டறையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்குக் கதவு மாட்ட வந்த தச்சரிடம், நிலை மூன்று மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது என்று சொல்லி மூன்று முறை கழற்றி மாட்டவைத்தாள். நான்காம் நாள் அவர் வரவில்லை. விட்டுப்போன உளியை வாங்கக்கூட வரவில்லை.

அவளுடைய கல்யாணமே அளவில்தான் ஆரம்பித்தது. அப்போது அவள் அளவுக்கருவி விற்கும் கடையில் இருந்தாள். நெட்டையாக, நிதானமாக ஒரு மனிதர் தன் பழைய மைக்ரோமீட்டருக்கு ஒரு பெட்டி வாங்க வந்தார். அவள் பெட்டியை விட்டுவிட்டுக் கருவியை வாங்கிச் சோதித்தாள்.

“இது பாயிண்ட் ஜீரோ ரெண்டு பொய் சொல்லுதுங்க.”

“நான் இதை ஆறு வருஷமா வச்சிருக்கேனே!”

“அப்ப ஆறு வருஷமா சொல்லிருக்கும்.”

அவர் அங்கிருந்த முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆறு வருஷம் போட்ட துளைகள் எல்லாம் கண்முன் வந்துபோயிருக்க வேண்டும். அடுத்த வாரம் மறுபடி வந்தார். கருவியில் குறை ஒன்றும் இல்லை. அதற்கடுத்த வாரமும் வந்தார், கருவியையே கொண்டுவரவில்லை. அதன்பிறகு அவளுக்குப் புரிந்துபோயிற்று.

அந்த நெட்டை மனிதருக்குப் பட்டறையில் ‘ஆகட்டும்’ என்று பெயர். எதைச் சொன்னாலும் “ஆகட்டும்” என்பார், எப்போது ஆகும் என்று மட்டும் சொல்லமாட்டார். அக்காவின் ஒரே தங்கையைக் கட்டிக்கொண்டவர் நேர் எதிர். குட்டையானவர், காலில் சக்கரம் கட்டியவர். வேலையைத் தொடுவதற்கு முன்பே “ஆச்சு” என்பார். அவர் பெயர் ‘ஆச்சு’. இந்தச் சகலைகள் இரண்டு பேரும் சேர்ந்துதான் பட்டறையை நடத்தினார்கள். மேல்வீட்டில் அக்கா குடும்பம், கீழ்வீட்டில் தங்கை குடும்பம். ஒரு வீட்டில் தீப்பெட்டி தீர்ந்தால் இன்னொரு வீட்டில் அடுப்பு எரியும். பிள்ளைகளுக்கு எது தன் வீடு என்று தூக்கம் வரும்போதுதான் நினைவுக்கு வரும்.

பட்டறையின் பிழைப்பு ஆழத்துளை. ஒரு முழ நீளத் துளையை எந்த லேத்தும் எப்படியாவது போட்டுவிடும். ஆள் உயர இரும்புத் தண்டின், அதாவது ஷாஃப்டின் நடுவில், இந்த முனையில் நுழைந்து அந்த முனையில் கோணாமல் வெளியே வருவதுதான் வித்தை. அதற்கு இரண்டு வழி இருந்தது. ஆகட்டும் கையிலிருந்தது கன் டிரில்: மெலிந்து நீண்ட ஒரு கம்பி, அதன் வயிற்றில் ஒரு சின்ன ஓட்டை, பக்கவாட்டில் நீளமாக ஒரு பள்ளம். அந்த ஓட்டை வழியாக எண்ணெய் உள்ளே பாயும். அறுபட்ட இரும்புச் சீவலைப் பள்ளம் வழியாக அடித்துக்கொண்டு வெளியே வரும். ஆச்சு கையிலிருந்தது குழாய் டிரில்: அதில் எண்ணெய் குழாயைச் சுற்றி வெளிப்புறமாகப் பாயும், சீவல் குழாயின் வாய்க்குள் விழுந்து உள்வழியாகவே வெளியேறும்.

ஒன்றில் எண்ணெய் உள்ளே, சீவல் வெளியே. மற்றதில் எண்ணெய் வெளியே, சீவல் உள்ளே. இவ்வளவுதான் வித்தியாசம். இதற்குத்தான் எட்டு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

பிள்ளைகளோடு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு மத்தியானம் ஆரம்பித்தது அது. “உன்னோடது துளை போடற மெஷினா, ஊர் முழுக்க எண்ணெய் தெளிக்கற மெஷினா?” என்று ஆகட்டும் விளையாட்டாகத்தான் கேட்டார். “உங்க கன் டிரில்ல ஒரு துளை முடியறதுக்குள்ள நம்ம பிள்ளைங்க படிச்சு முடிச்சு வேலைக்கே போயிடும்ணே” என்று ஆச்சுவும் விளையாட்டாகத்தான் சொன்னார். தங்கை கொஞ்சம் பலமாகச் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எழுந்தார்கள்.

அன்றிலிருந்து அக்காதான் தபால்காரி. இரண்டு மெஷினுக்கும் நடுவே நாலு எட்டு தூரம்தான். நடுவில் அவளை நிறுத்திவைத்து, “பதிமூணாம் நம்பர் ஸ்பானரை அவன்தான் எடுத்தானான்னு கேளு” என்பார் இவர். “எடுக்கலைன்னு சொல்லுங்க அண்ணி” என்பார் அவர். காது கேட்காதவர்களா என்றால், இல்லை. அடுத்தவன் மெஷினில் சத்தம் துளி மாறினாலும் இரண்டு பேருக்கும் காது விடைக்கும்.

இந்த லட்சணத்தில்தான் அந்த ஆர்டர் வந்தது. அறுபது ஷாஃப்ட். ஒவ்வொன்றும் ஆயிரத்து முந்நூற்று அறுபது மில்லிமீட்டர் நீளம், நடுவில் இருபத்திரண்டு மில்லிமீட்டர் துளை. பத்து என்றால் குழாய் நுழையாது, பேச்சே இல்லை. ஐம்பது என்றால் கன் டிரிலை நினைத்துக்கூடப் பார்க்கவேண்டாம். வந்ததோ இருபத்திரண்டு, இரண்டும் போகும். கடவுளே உட்கார்ந்து யோசித்து வம்புக்கென்றே அனுப்பிய அளவு!

ஆர்டர் கொடுத்தவர்கள் கறாரானவர்கள். அறுபதையும் ஒரே முறையில் போட வேண்டும், எந்த முறை என்று எழுதி, அளப்பவர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், பிறகு மாற்றக்கூடாது. சோதனைக்கென்று அதே எஃகில் இரண்டு ஷாஃப்ட் மட்டும் கொடுத்திருந்தார்கள், இரண்டு முனையிலும் நீல மூடி போட்டு.

“என்னோடதுதான்” என்றார் ஆகட்டும். “என்னோடதேதான்” என்றார் ஆச்சு. பேச்சு முற்றியது, அதாவது அக்கா வழியாக முற்றியது. கடைசியில், எந்த முறை தோற்கிறதோ அந்த மெஷின்காரன் மெஷினோடும் குடும்பத்தோடும் பக்கத்து ஊருக்குப் போய்த் தனியாகப் பட்டறை போட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. எட்டு மாதத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

ஆக, கையெழுத்துப் போட வேண்டியவள் அக்கா. கன் டிரில் என்று எழுதினால் தங்கை போவாள். குழாய் என்று எழுதினால் தானே போக வேண்டும்.

“யாராவது ஒருத்தி போகத்தானே போறோம், வீட்டையாவது பாத்து வைப்போம் வா” என்றாள் தங்கை. அழுதுகொண்டே சிரிக்கிற முகம் அவளுக்கு. சோதனை நடக்கும் நாளில் இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். கிளம்பும் அவசரத்தில் அக்கா இரண்டு துண்டுச் சீட்டு எழுதினாள். கணவர் மெஷினில் ஒட்டியது: ‘ஒன்றாம் ஷாஃப்ட். எழுநூறு மட்டும் துளைக்கவும். நான் வந்து அளப்பேன்.’ தங்கை கணவர் மெஷினில் ஒட்டியது: ‘இரண்டாம் ஷாஃப்ட். எழுநூறு மட்டும். நான் வந்து அளப்பேன்.’ பாதியைச் சற்றுத் தாண்டினால் போதும், துளை எவ்வளவு விலகுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பக்கத்து ஊர் வீடு நன்றாகவே இருந்தது. காற்று வந்தது, வெளிச்சம் வந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் இருவரும் தவித்தார்கள். அக்கா கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து சமையலறையை அளந்தாள். அதுவும் சரியாக இருந்தது. வீட்டுக்காரம்மா சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

“வீடு யாருக்கும்மா? உங்களுக்கா, இவங்களுக்கா?”

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை அக்காவைப் பார்த்தாள். “சாயங்காலம் போன் பண்ணிச் சொல்றோம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள். பஸ்ஸில் இரண்டு இருக்கை காலியாக இருந்தும், ஒரே இருக்கையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“கன் டிரில்னே எழுதிடேன்கா. நான் போறேன். எனக்கு ஊர் புதுசுன்னா பிடிக்கும்.”

“பொய் சொல்லாதடி. தெருமுனைக் கடைக்குப் போறதுக்கே உனக்குத் துணை வேணும்.”

“அப்ப குழாய்னு எழுதுவியா?”

“எது சரியா வருதோ அதை எழுதுவேன்.” அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அளவில் பொய் எழுதிப் பழக்கமில்லாத கை அது. அன்றைக்கு ஒரே ஒரு நாள் பழகிக்கொண்டால் என்ன என்று தோன்றியதற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

பட்டறைக்குள் அவர்கள் நுழைந்தபோது மணி நாலு. ஆச்சுவின் குழாய் டிரில் ஓடிக்கொண்டிருந்தது. ஆகட்டும் காலையிலேயே தன் எழுநூறை முடித்துவிட்டார் என்பது அவருடைய மெஷினைத் துடைத்து வைத்திருந்த அழகிலேயே தெரிந்தது. அவர் இப்போது ஆச்சு மெஷினின் பின்பக்கம், ஷாஃப்டைக் கவ்விப் பிடிக்கும் சக் என்ற பிடிப்பானைத் தாண்டி அதன் வால் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், சுவரோர அலமாரியில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். கை அலமாரியில் இருந்ததே தவிர, காது மெஷினில்தான் இருந்தது. சகலை மெஷின் ஓடும்போதெல்லாம் அவருக்கு அந்த அலமாரியில் ஏதாவது ஒரு ஸ்பானர் தேவைப்பட்டுவிடும்.

அக்கா புன்னகையோடு ரேக் பக்கம் திரும்பினாள். அங்கே ஒரு ஷாஃப்ட் கிடந்தது. அதன்மேல் சிவப்பு சாக்பீஸில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

அது அவளே போட்ட குறி. சோதனை ஷாஃப்ட் இரண்டும் வந்திறங்கிய அன்றே, இரண்டாவது வளைந்திருக்கிறது என்று கண்டுபிடித்துக் குறி போட்டு, வேறு கேட்டு வாங்க வேண்டும் என்று ஒதுக்கியவள் அவள்தான். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அதையே ஆச்சுவுக்கு எழுதி ஒட்டிவிட்டாள்! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஊரார் தப்பைப் பிடிக்கிறவள், தன் சீட்டைத் திருப்பிப் படிக்கவில்லை.

நடந்தது இதுதான். ஆகட்டும் ஒன்றாம் ஷாஃப்டில் எழுநூறு துளைத்தார். துளைத்த வாயை மூடி வைக்க வேண்டும் என்ற அக்கா சட்டப்படி நீல மூடியைப் போட்டார். ரேக்கில் வைத்துவிட்டு, மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கப் போனார். வெளிவேலை முடிந்து மூன்றரை மணிக்கு ஆச்சு வந்து பார்த்தார். இரண்டாவதில் சிவப்புக் குறி. அதைத் தொட அவருக்கென்ன பைத்தியமா? மிச்சம் ஒரே ஒரு ஷாஃப்ட், இரண்டு முனையிலும் புதுசுபோல நீல மூடி. சகலையிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்தது. கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. செயின் பிளாக் கப்பியில் தூக்கி, ஆகட்டும் துளைத்திருந்த முனையைச் சக்கில் மாட்டி, மறுமுனையிலிருந்து துளைக்க ஆரம்பித்துவிட்டார். ஆகட்டும் திரும்பி வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ரேக் பக்கம் பார்ப்பது சகலை பக்கம் பார்ப்பது போலாகிவிடும் என்பதால் அவரும் பார்க்கவில்லை.

அந்தப் பக்கமிருந்து எழுநூறு, இந்தப் பக்கமிருந்து எழுநூறு. ஷாஃப்டின் மொத்த நீளமே ஆயிரத்து முந்நூற்று அறுபது. அக்காவுக்குக் கணக்குப் போட நேரம் ஆகவில்லை.

“நிறுத்துங்க! மெஷினை நிறுத்துங்க!”

ஆச்சு நிமிர்ந்தார். அதற்குள் ‘பட்’ என்று ஒரு சத்தம். குழாய் டிரில் ஆகட்டும் போட்ட துளைக்குள் உடைத்துக்கொண்டு புகுந்தது. அவ்வளவு அழுத்தத்தில் இருந்த எண்ணெய்க்குப் புதுவழி கிடைத்துவிட்டது. ஷாஃப்டின் வாலிலிருந்த நீல மூடி பறந்துபோய் ஆகட்டுமின் தொப்பையில் அடித்தது. என்ன என்று அவர் குனிந்து பார்க்க, பின்னாலேயே வந்த எண்ணெய் முகத்தில் தொடங்கிக் கால்வரை அவரைக் குளிப்பாட்டியது.

மெஷின் நின்றது. இடித்த புளி மாதிரி நின்ற ஆகட்டுமின் மூக்கு நுனியிலிருந்து எண்ணெய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஊர் முழுக்க எண்ணெய் தெளிக்கிற மெஷின் என்று அவர் சொன்னது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்திருக்க வேண்டும். எட்டு மாதத்துக்கு முன் சிரித்த அதே தங்கை மறுபடி முதலில் சிரித்தாள்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. “என் தப்பு” என்றாள். “ரெண்டாவது வளைஞ்சது. நான்தான் மறந்து அதையே எழுதிட்டேன். இருந்த ஒரே நல்ல ஷாஃப்டும் போச்சு. ஆர்டரும் போச்சு.” வீடு பிரிவதற்கு ஆர்டரே வேண்டியதில்லை, அவளுடைய ஒரு துண்டுச் சீட்டே போதும் போலிருந்தது.

இரண்டு ஆண்களும் டிரிலைப் பின்னுக்கு இழுத்து, சக்கைத் தளர்த்தி, செயின் பிளாக்கில் ஷாஃப்டைத் தூக்கி மரக்கட்டைகளின்மேல் கிடத்தினார்கள். பேசாமலேயே, ஒருவர் கையை ஒருவர் பார்த்துச் செய்தார்கள். பிறகு ஆகட்டும் தன் முனைக்குப் போய்க் குனிந்தார். ஆச்சுவும் தன் முனைக்குப் போய்க் குனிந்தார். உள்ளே எவ்வளவு நாசமாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா?

நாசம் எதுவும் தெரியவில்லை. வழுவழுவென்று ஒரே நேர்க்கோட்டில் வெளிச்சம் ஓடியது. அதன் கடைசியில் ஒரு கண் தெரிந்தது.

இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கண்ணுல எண்ணெய் போயிருக்குண்ணே. தொடைங்க” என்றது இந்த முனை.

“எந்தக் கண்ணுல?” என்றது அந்த முனை.

“எனக்குத் தெரியற கண்ணுலதான்!”

தபால்காரி இல்லாமல் எட்டு மாதத்தில் அவர்கள் பேசிய முதல் பேச்சு இதுதான். தங்கை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கருவியை எடுத்தாள்.

ஷாஃப்ட் நெடுகிலும், துளைக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவேயுள்ள இரும்புச் சுவரின் கனத்தைச் சுற்றிச் சுற்றி அளந்தாள். துளைகள் சந்தித்த இடத்தில் மூன்று முறை அளந்தாள். பாயிண்ட் ஜீரோ நாலு. இரண்டு முனையிலிருந்து வந்த இரண்டு துளைக்கும் நடுவே இருந்த பிசகு அவ்வளவுதான். எவ்வளவு விலகினாலும் பாயிண்ட் மூணுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் ஆர்டர்காரர்கள் கேட்டது. இரண்டு மெஷினும் குற்றமற்றவை என்று ஒரே ஷாஃப்ட் சாட்சி சொல்லிவிட்டது.

“ரெண்டும் நேர்தான்” என்றாள். “இனிமே எதை எழுதறதுன்னு பாக்கணும்.”

வம்பு அங்கேதான் மறுபடி ஆரம்பித்தது, தலைகீழாக.

“இதுல பாக்க என்ன இருக்கு? அவனோடதை எழுது” என்றார் ஆகட்டும். “இருபத்தஞ்சு நிமிஷம் நான் போட்டதை ஆறு நிமிஷத்துல போட்டுட்டு வந்து என்னையே குளிப்பாட்டிட்டான்.”

“அதெல்லாம் வேணாம் அண்ணி. அண்ணனோட பாதியைத் தொட்டுப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. கன் டிரில்னே எழுதுங்க” என்றார் ஆச்சு.

“ஏன்டா, அறுபது ஷாஃப்டை நான் எப்ப முடிக்கறது?”

“மெதுவாத்தான் முடிங்களேன், யாரு துரத்தறா?”

“விட்டுக்குடுக்கறதுலயும் உனக்குப் போட்டியா?”

“வாயை மூடுங்க ரெண்டு பேரும்!” என்றாள் அக்கா. மூடினார்கள். அவள் இரண்டு மெஷினின் சீவல் தட்டையும் இழுத்துப் பார்த்தாள். அவளுடைய ஒரே பயம் இதுதான்: அந்த எஃகு ரிப்பன் ரிப்பனாகச் சுருண்டால் குழாயின் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஆச்சுவின் தட்டைக் கிளறினாள். நகம் வெட்டிப் போட்ட மாதிரி குட்டிக் குட்டித் துண்டுகள். ஒன்றுகூட நீளமில்லை. துளையின் வழவழப்பும் ஆர்டரில் கேட்ட அளவுக்கு இரண்டிலுமே இருந்தது. நேரத்தில்தான் ஒன்றுக்கு நாலு.

பேனாவை எடுத்தாள். ‘குழாய் முறை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போட்டபிறகுதான் கணவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவளே எழுதித் தோற்கடித்த மனிதர், எண்ணெய் வழிய நின்றுகொண்டிருந்தார்.

ஆச்சு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அண்ணே, எட்டு மாசமா நான் மெஷின் ஓட்டறப்பல்லாம் பின்னாடி நின்னு ஒரு ஸ்பானர் தேடறீங்களே, கெடைச்சுதா?”

ஆகட்டும் மாட்டிக்கொண்டார். எண்ணெய்க்கு உள்ளேயும் முகம் சிவந்தது தெரிந்தது.

“உன் டிரில் முனை மழுங்க ஆரம்பிச்சா உனக்கு எங்கடா தெரியுது? அவசரக்காரன். யாராவது காது வச்சுக் கேக்கணுமில்ல?”

“அறுபது ஷாஃப்டுக்கும் கேக்கணும்ணே. அப்புறம் பத்து எம்.எம். துளை வந்தா என் குழாயை வச்சு நான் ஊதத்தான் முடியும். நீங்க ஊருக்குப் போயிட்டா எப்படி?”

ஆகட்டும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அந்தக் கண்ணை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் துடைத்தார்.

“ஆச்சு ஆச்சு, போடா” என்றார்.

“அப்ப நாளைக்கு எட்டு மணிக்கு முதல் ஷாஃப்டை மாட்டலாமா?”

“எட்டரைக்கு.”

ஆச்சு ஒரு நொடி தயங்கினார். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாக, “ஆகட்டும்ணே” என்றார். போகிற போக்கில் அக்காவையும் விட்டுவைக்கவில்லை. “அண்ணி, உங்களை இனிமே மைக்ரான்னு கூப்பிட முடியாது. ஒரு முழு ஷாஃப்டையே மாத்தி எழுதிருக்கீங்க. மீட்டர் அண்ணின்னுதான் கூப்பிடணும்.” அக்கா சாக்பீஸை அவர்மேல் எறிந்தாள். அவள் எறிந்து குறி தப்பியது அதுதான் முதல்முறை.

தங்கை பட்டறை வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரம்மாவின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது. “சொல்லுங்கம்மா, வீடு யாருக்குன்னு முடிவாச்சா?”

தங்கை திரும்பிப் பார்த்தாள். அக்கா எண்ணெய்த் துணியை வைத்துக்கொண்டு கணவரின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆச்சு தரையில் மண்டியிட்டு எண்ணெயை வழித்துக்கொண்டே ஏதோ சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள்.

“முடிவாச்சும்மா” என்றாள் தங்கை. “எங்க யாருக்கும் வேண்டாம்.”